ரோசாலியின் மேசையில் நின்ற படிவம்

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இப்போதுதான் நெற்றிச் சூடு கொஞ்சம் தணிந்து தூங்குகிறான். தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஆபீஸில் இருந்தவரை என் எழுத்து கோணியதில்லை என்று உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும்.

வைத்திலிங்கம் சாரின் கார்டு போன வாரம் வந்தது. ரோசாலியோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், மாதக் கூட்டத்தில் எல்லாரும் கேட்க வாசிக்கலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு ஒரு பக்கம் போதாது. அவளைப் புகழ்ந்து நீங்கள் எல்லாரும் எழுதுவீர்கள். நானும் எழுதுவேன், எழுதத்தான் வேண்டும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு படிவம் இருந்தது. திருவேட்டக்குடியில் ஒரு வீட்டுக்காக நான் நிரப்பியது. அதில் நான் எழுதியது உண்மையில்லை. அது பொய் என்று தெரிந்தவள் ரோசாலி ஒருத்திதான். அதைக் கடைசியில் என்ன செய்தாள் என்று கேட்க எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவள் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் நம் பியூன் கலியபெருமாள். கோவில்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்தார். பிள்ளை அப்போதுதான் கண் மூடியிருந்தான். யார் இப்படி மணியடிப்பது என்று கோபமாக வெளியே போனேன்.

"கமலாம்மா, ரோசாலிம்மா போயிட்டாங்க. காமாலை. ஆஸ்பத்திரியில சேர்த்து நாலு நாள்கூட ஆகல."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், "வீடு வீடாப் போயி அவங்கள மாதிரி வேலை பார்க்க இனிமே ஒருத்தர் பொறந்துதாங்க வரணும்."

நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறேனே, நானும் அதே வெயிலில்தானே நடந்தேன் என்று என் மனசில் ஓடியது. அவளை இன்னும் மண்ணில் வைக்கக்கூட இல்லை. அதற்குள் அதுதான் ஓடியது. இதை மறைத்துவிட்டு எழுதினால் நான் வேறு யாரோ ஒரு ரோசாலியைப் பற்றித்தான் எழுதுவேன்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. "பால் குடிக்கிற பிள்ளைய வச்சிக்கிட்டு சாவு வீட்டுக்குப் போவாங்களா? நல்லா படிச்சேடி நீ" என்று மாமியார் சொல்லிவிட்டார். அவருக்கு பயம். எனக்கும் பயம்தான், அதனால் வாதாடவில்லை. மறுநாள் கலியபெருமாள் வந்து சொன்னதைக் கேட்டேன். திருவேட்டக்குடிக் குப்பத்துப் பெண்கள் ஒரு வண்டி நிறைய வந்து கல்லறை வாசலில் நின்றார்களாம். நெரவியிலிருந்து நடவுக்குப் போகிற பெண்கள் சேற்றுக் காலோடு வந்தார்களாம். "நம்ம ஃபாரத்துல பேரு இருக்கிற பொம்பளைங்கள்ல பாதி அங்கதாம்மா நின்னுச்சு" என்றார். நான் செத்தால் என் பங்கு வீடுகளிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர் பெயரும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

எங்களுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, நம் புள்ளிவிவர ஆபீஸ் காரைக்காலில் ஒரு மாடியில் இரண்டு அறையோடு தொடங்கியது. பிள்ளைப்பேறு, சாவு, குடும்பம் பற்றிய கேள்விகளை ஆண்கள் போய்க் கேட்டால் பெண்கள் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள் என்பதால் இரண்டு பெண்களை எடுத்தார்கள். ஒருத்தி நான், கணக்குப் பாடம் எடுத்து பி.ஏ. பாஸ் பண்ணியவள். இன்னொருத்தி ரோசாலி. அவளிடம் இருந்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து பிரெவே சர்டிபிகேட், அதாவது பத்தாவதுக்குச் சமம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகு அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று நான் நினைத்தேன். சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது அப்பாவிடம் வந்து அழுதிருக்கிறேன்.

அவளுக்கு என்னைவிட மூன்று வயசு அதிகம். ஆபீஸில் எல்லாரும் அக்கா என்றார்கள். நான் மட்டும் ரோசாலி என்றேன். எதைத் தொடங்கினாலும் "அலோர்" என்பாள். "சரி, அப்புறம்" என்று அர்த்தமாம். பிறகு சைக்கிள். ஒரு பெண் பிள்ளை புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வயல் சாலையில் சைக்கிள் விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே வேண்டும்? அவளை யாரும் பேசவில்லை. "சைக்கிளக்கா வருது" என்று பிள்ளைகள் கூடவே ஓடின. நான் பஸ்ஸுக்கு நின்று, இறங்கி, குடை பிடித்து நடந்து போய்ச் சேருவதற்குள் அவள் இரண்டு வீடு முடித்திருப்பாள்.

பயிற்சியின் முதல் நாள் சார் ஒரு கூடை நிறையக் கிளிஞ்சலைக் கடற்கரையிலிருந்து கொண்டுவரச் செய்து மேசையில் கொட்டினார். கூடையில் உள்ள கிளிஞ்சல்களின் சராசரி எடை என்னவென்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் நிறுக்க நேரமில்லை. பத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நான் நன்றாக யோசித்து, பெரிசும் வேண்டாம் சிறிசும் வேண்டாம் என்று நடுத்தரமாகப் பார்த்துப் பத்து எடுத்தேன். ரோசாலி எடுக்கவே இல்லை. கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கினாள். முழு மேசையும் போய்த் தரையிலும் அடுக்கினாள். எல்லாரும் காத்திருந்தோம். அப்புறம் எண்களை எந்த வரிசையும் இல்லாமல் அச்சடித்த அந்த ரேண்டம் நம்பர் புத்தகத்தை, நாங்கள் யாரும் இன்னும் திறக்காத புத்தகத்தை, ஒரு பக்கம் பிரித்து எண்ணைப் பார்த்துப் பார்த்து வரிசையிலிருந்து பொறுக்கினாள்.

நிறுத்துப் பார்த்தபோது என் பத்து கனமாக இருந்தது. பொடிக் கிளிஞ்சல் ஒன்றுகூட என் கையில் வரவில்லை. கூடையில் பாதிக்கு மேல் பொடிதான்.

"நான் வேணும்னு பெரிசா எடுக்கல சார்" என்றேன்.

"யாரும் வேணும்னு எடுக்கிறதில்லம்மா. கண்ணு எடுக்குது" என்றார் சார்.

ரோசாலி சிரித்தாள். "மீன்காரி கூடையில பெரிய மீன எதுக்கு மேல வைக்கிறாங்கற? உன்ன மாதிரி பி.ஏ. படிச்சவங்க வருவாங்கன்னுதான்."

அன்றைக்கு மட்டுமில்லை, வேலை முழுக்கவே எங்கள் இரண்டு பேரையும் ஒப்பிடுவதாகத்தான் அமைந்தது. அது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. முறையே அப்படி. ஒவ்வொரு ஊரிலும் வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பால் நம்பர் போட்டுப் பட்டியல் எடுத்தோம். அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இரண்டு மாதிரிகளைப் பொறுக்கினார்கள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே கேள்வி. என் வீடுகள் வேறு, அவள் வீடுகள் வேறு. இரண்டும் சரியாக நடந்திருந்தால் முடிவுகள் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ரொம்ப விலகினால் ஊரில் கோளாறில்லை, கேட்டவர்களில் ஒருத்தியிடம் கோளாறு. யாரிடம் என்று புள்ளிவிவரம் சொல்லாது. அதை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். மாசக் கடைசியில் சார் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அந்த நாளில் நான் காலையிலேயே என் கூட்டலை மூன்று தரம் போட்டுப் பார்ப்பேன்.

முதல் ஒப்பீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். காரைக்கால் டவுனில் முஸ்லிம் தெருக்கள். என் கணக்கில் ஆண்களின் எண்ணிக்கை அவள் கணக்கைவிட எங்கோ மேலே நின்றது. நான் எதையும் மாற்றி எழுதவில்லை. "வீட்டுல எத்தனை பேரு இருக்கீங்க?" என்று கேட்டேன், சொன்னதை எழுதினேன். அந்த வீட்டுப் பெண்கள், நான்கு வருஷமாகச் சைகோனில் கடை வைத்திருக்கிற கணவனையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். "அவுஹ இல்ல" என்று எந்தப் பெண் வாயால் சொல்வாள்? அதைச் சொல்வது நல்லதில்லை என்று அவர்களுக்குள் இருக்கிறது. நம் வீடுகளிலும் இருக்கிறது. எனக்கு அது தோன்றவில்லை.

ரோசாலி அந்தத் தெருவில் கேட்ட விதமே வேறு. "நேத்து ராத்திரி எத்தனை பேருக்கு உலை வச்சீங்க லாத்தா?" என்று கேட்டாளாம். சோற்றுப் பானையில் சைகோன்காரர் வருவதில்லை. பிறகு, "மாப்புள எப்ப வந்துட்டுப் போனாஹ?" என்று தனியாகக் கேட்டு அவர்களுக்கென்று இருந்த கட்டத்தில் எழுதிவிட்டாள்.

"அலோர்," என்றாள், ஆபீஸில் எல்லாரும் இருக்கும்போது. "கமலா கணக்குப்படி சைகோன்ல ஒரு காரைக்கால் ஆம்பள கிடையாது. எல்லாரையும் கப்பலேத்திக் கூட்டியாந்துட்டா. பொண்டாட்டிமாருங்க இவளுக்கு மாலை போடணும்!"

கலியபெருமாள்கூடச் சிரித்தார். சார் சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டேன்.

அடுத்த ஒப்பீடு பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. அதில் அவள் எண்கள் மேலே நின்றன, என்னுடையது கீழே. ஒரு பெண் பெற்ற பிள்ளைகள் எத்தனை, இருப்பது எத்தனை, தவறியது எத்தனை. தவறிய பிள்ளைகள் என் படிவங்களில் அபூர்வம். அவள் படிவங்களிலோ வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது. இவள் கூட்டி எழுதுகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை. ஒரு நாள் நெரவிப் பக்கம் எனக்கு வேலை இல்லாதபோதும் பஸ் ஏறினேன். அவள் சைக்கிள் நின்ற வீட்டுக்கு அடுத்த வேலியோரம் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

அவள் பையைத் திறக்கவே இல்லை. முறத்தில் கிடந்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே அந்த அம்மாளிடம் பேசினாள்.

"ஒங்கள மொத மொத அம்மான்னு கூப்பிட்டது யாருக்கா?"

"அது மூத்தவ, செல்வி. இப்ப மேலவாஞ்சூர்ல கட்டிக் குடுத்திருக்கு."

"செல்விக்கு அப்புறம் மடிக்கு வந்தது?"

"வந்துச்சு ஒண்ணு. தங்கல." அந்த அம்மாள் உளுந்தை ஒரு கை அள்ளித் திரும்பப் போட்டாள். "கருப்பா, முடி சுருட்ட சுருட்டையா. பேரு வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு."

"சுருட்டைமுடி யாரு மாதிரி?"

"அவுங்கப்பா மாதிரி."

ரோசாலி தலையை நிமிர்த்தவில்லை. கல்லைப் பொறுக்கிக்கொண்டே, "அப்புறம்?" என்றாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எண்ணிக்கை என்ற வார்த்தையே வரவில்லை. கடைசியில்தான் ரோசாலி பையைத் திறந்து, "இதெல்லாத்தையும் நான் எழுதிக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

நான் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். "உங்களுக்குக் குழந்தைங்க எத்தனை?" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன். "ஏதோ ரெண்டு மூணு கெடக்குதும்மா" என்பார்கள். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும். அதனால் ஒன்று குறைத்தே சொல்வார்கள். தவறியதை வேற்று மனுஷியிடம் சொல்லவே மாட்டார்கள். "ரெண்டா, மூணா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "ரெண்டுன்னே போட்டுக்க" என்பார்கள். போட்டுக்கொள்வேன்.

வேலியோரம் நின்று திருடிய கேள்வியை மறு வாரமே திருவேட்டக்குடியில் எடுத்து வீசினேன். குப்பத்தில் எனக்கு விழுந்திருந்த ஒரு வீடு. வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "உங்கள மொத மொத அம்மான்னு கூப்பிட்டது யாருங்க?" என்றேன்.

அவள் கை நின்றது. "அது கூப்பிடல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "யாரு கூப்பிடல?"

வலையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? கேக்குறதுக்கு ஒனக்கு வேற எதுவும் கெடைக்கலியா? மொதப் புள்ள அதுக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு. ஒரு வருசம் யாருகிட்டயும் வாயத் தொறக்காம கெடந்தவ அவ." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கி, "ஒனக்கு என்ன வேணும், எங்கிட்ட கேளு. நான் சொல்றேன்" என்றாள்.

சட்டம் என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் பதில் சொல்லாவிட்டால் இன்னொரு நாள் போக வேண்டும். அதற்கும் சொல்லாவிட்டால் மூன்றாம் முறை. அப்போதும் இல்லையென்றால் "பதில் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கட்டங்களைக் காலியாக விட வேண்டும். பக்கத்து வீட்டைக் கேட்டு எழுதக்கூடாது. நான் எழுதினேன். வயசு, கல்யாணம் ஆன வருஷம், இருக்கிற பிள்ளைகளின் வயசு, எல்லாம் பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. பிள்ளைகள் இரண்டு, இருப்பது இரண்டு. தவறியது என்ற கட்டத்தில் பூஜ்யச் சுழி போட்டேன். தவறியது ஒன்று உண்டு என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் காதால் கேட்டிருந்தேன். அதை எழுதினால் யார் சொன்னார்கள், எப்படித் தெரிந்தது என்று கேள்வி வரும், திரும்பவும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். போய் நிற்க எனக்கு முகமில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வி அவளுக்குப் பலித்து எனக்குப் பலிக்கவில்லை என்ற எரிச்சலில் மறுநாள் சாரிடம் போய், ரோசாலி படிவத்தில் அச்சடித்த கேள்வியை மாற்றிக் கேட்கிறாள், வீட்டுக்கு ஒரு விதமாகக் கேட்கிறாள் என்று சொல்லிக்கொடுத்தேன். ஆமாம், நான்தான். அவளை ஏன் வெளிவேலையிலிருந்து எடுத்தார்கள் என்று உங்களில் பலர் அப்போது என்னிடமே கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

சார் அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"கேள்வி மாறினா பதில் மாறும். ரெண்டு மாதிரியையும் எப்படிம்மா ஒப்பிடுறது?"

"வார்த்தை ஒண்ணா இருந்தா கேள்வி ஒண்ணாயிடுமா சார்? 'எத்தனை'ங்கிற வார்த்தைய நான் கேட்டா எண்ணிக்கை. அந்த அக்காக்கு அது கண்ணேறு. ஒரே வார்த்தை, ரெண்டு பேருக்கு ரெண்டு கேள்வி."

சாருக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் தணிக்கைக்கு வருகிற மேலதிகாரிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாசம் ஊருக்குள் போக வேண்டாம், மேசையில் உட்கார்ந்து வந்த படிவங்களைச் சரிபார் என்று போட்டுவிட்டார். அவள் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றபடியே காற்றிறங்கிப் போனது.

அவளை அந்த மேசைக்கு அனுப்பியது நான். என் திருவேட்டக்குடிப் படிவக் கட்டு போய்ச் சேர்ந்ததும் அதே மேசைக்குத்தான்.

நான்கு நாள் கழித்து, "கமலா, இங்க வாயேன்" என்றாள். என் படிவம் அவள் முன்னால் இருந்தது. விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள். "கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழிச்சு மொதப் பிள்ளை. இருக்கலாம், இல்லைங்கல. ஆனா பதில் சொன்னவங்க பேரு எங்க?"

"எழுத மறந்துட்டேன்."

"யாரு சொன்னாங்க?"

"அந்தம்மாதான்."

"அவங்க கைநாட்டு எங்க?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் படிவத்தையே பார்த்தாள். நெரவியில் உளுந்தைப் பார்த்த அதே பார்வை. என்னையும் அப்படித்தான் கேட்கிறாள் என்று எனக்கு உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது.

"எல்லாத்தையும் தோண்டிக்கிட்டிருந்தா மாசக் கடைசிக்குள்ள கட்டு போய்ச் சேருமா? ஒரு வீடுதானே?" என்றேன்.

"ஒரு வீடா?" என்றாள். "அந்தக் குப்பத்துல எத்தனை வீட்டுக்கு நாம போகல? அதுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு வீடுதானே பேசுது. நீ இங்க சுழி போட்டா அங்க அத்தனை வீட்டுலயும் போட்ட மாதிரி." பிறகு குரலைத் தணித்தாள். "காலியா விட்ட கட்டம் பொய் சொல்லாது, கமலா. நெரப்பினதுதான் சொல்லும். நீ போயிட்டு வா. இல்ல, போக முடியலன்னு எழுதிக் குடு. அதுவரைக்கும் இது என் மேசையில நிக்கட்டும்."

நின்றது. காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டுக்கு அடியில், நான் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கண்ணில் படுகிற இடத்தில். ஒரு படிவம் குறைகிறதே என்று சார் கேட்டபோது, "எங்கிட்டதான் நிக்குது சார், ஒரு வயசு சரிபார்க்கணும்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆகியிருப்போம். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. அவளை மேசையில் உட்கார வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியுமா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்கும். அவளுக்கு எதுதான் தெரியாது.

இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்த அன்று அவள் மேசைக்குப் போனேன். படிவம் அங்கேயேதான் இருந்தது.

"அலோர்," என்றாள். "கல்யாணத்துக்கு நான் வரட்டுமா, இல்ல நானும் இதுவும் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"நீ வா" என்றேன். "அது இருக்கட்டும்."

வந்தாள். மாயவரத்துக்குப் பஸ் பிடித்து வந்தாள். என் நாத்தனார்களோடு பந்தியில் உட்கார்ந்து அவர்களைச் சிரிக்க வைத்தாள். "உன் சிநேகிதி எவ்வளவு கெட்டிக்காரிடி" என்று அவர்கள் இன்றும் சொல்வார்கள். என்னிடம் அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போன பிறகு அவள் மறுபடி ஊருக்குள் போனதும், அடுத்த சுற்றுக்கு அச்சடித்த படிவத்தில் பிள்ளைகளை எண்ணிக்கையாகக் கேட்காமல் மூத்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் கேட்கும்படி மாற்றியதும் கலியபெருமாள் சொல்லித் தெரியும். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். பால் பொங்கி வழிந்தது. மாமியார் திட்டினார்.

இப்போது எனக்கு ஒரு பிள்ளை. நாலு நாளைக்கு முன்னால், இந்தக் காய்ச்சல் வருவதற்கு முன், எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "பிள்ளை நல்லா பால் குடிக்குதா? கொழுகொழுன்னு இருக்கானே" என்றார். "எங்கங்க, ஒழுங்காவே குடிக்கிறதில்ல, இளைச்சுப் போயிட்டான்" என்று வாய் தானாகச் சொன்னது. கூசாமல் சொன்னேன். மறுநாளே காய்ச்சல் கண்டது, என் வாயால் சொன்னதே பலித்துவிட்டதோ என்று மூன்று நாளாக மனசு கிடந்து அடிக்கிறது. இவனுக்கு ஒன்று ஆகி, அதற்குப் பிறகு யாராவது ஒருத்தி பேனாவோடு வந்து, கேட்டும் கேட்காமலும் சுழி போட்டுவிட்டுப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த வலை பின்னுகிற அம்மாளுக்கு நான் செய்தது அதுதான். ரோசாலி பிள்ளை பெற்றவள் இல்லை. அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய ஒரு பிள்ளை பெற வேண்டியிருந்தது. இதற்கும் அவள்மேல் எனக்குப் பொறாமைதான்.

அவளுடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், பொருள் எதுவும் இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. பொறாமை இருக்கிறது. அதை விட்டுவிடப் போவதில்லை. அது இல்லாவிட்டால் அவள் எவ்வளவு உயரம் என்று எனக்கு அளக்கத் தெரியாது. இரக்கப்பட்டு அழுகிறவர்கள் அவளை ஒரு நல்ல பெண் என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். நான் அவள் எண்ணுக்குப் பக்கத்தில் என் எண்ணை வைத்துப் பார்த்தவள். எவ்வளவு விலகி நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இனி நான் கேட்பது. அந்தச் சுற்றின் கட்டுகள் இன்னும் உள் அறை அலமாரியில்தான் இருக்கும். திருவேட்டக்குடிக் கட்டை எடுத்து, என் மாதிரியில் வலை பின்னுகிறவர் வீடு என்று தொழில் எழுதியிருக்கும் படிவத்தைத் தேடிப் பாருங்கள். அவள் மேசையில் இருந்த காகிதங்களையும் பாருங்கள். அது என் கையெழுத்திலேயே இருந்தால், சார் தயவுசெய்து எல்லாரும் பார்க்க அதை அடித்து, பதில் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுங்கள். என் பெயரையும் போடுங்கள். பிள்ளைக்குக் குணமானதும் நான் நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாளிடமும் போகிறேன். எழுதிக்கொள்ள இல்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வர.

ஒருவேளை ரோசாலியே அங்கே போயிருந்து, படிவம் அவள் கையெழுத்தில் இருந்தால், அந்த முதல் பிள்ளையின் பெயரை என்னவென்று எழுதியிருக்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அந்தச் சுற்றுப் படிவத்தில் பெயருக்குக் கட்டம் கிடையாது, ஆனால் அவள் ஓரத்திலாவது எழுதாமல் விட்டிருக்க மாட்டாள். பெயர் தெரியாமல் அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டு விலாசம் கலியபெருமாளுக்குத் தெரியும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

கமலா
கோவில்பத்து